காலுக்குத் தெரியும் தடம்

மலைப்பாதை போட்டவனின் கைத்திறனைப் பார்க்க வேண்டுமானால், பாதை புதர் மூடிக் கிடக்கும் நாளில் போக வேண்டும். வெட்டித் துப்புரவாக வைத்த பாதையில் கண் முன்னால் ஓடிவிடும். கால் சும்மா பின்னால் வரும். உண்ணிமுள்ளும் பெரணியும் இடுப்பளவு நிற்கும்போது கண்ணுக்கு வேலை குறைந்துவிடுகிறது. அடுத்த அடிக்கு இடம் தேடுவது பாதத்தின் பொறுப்பு. தேடிய இடத்தில் கெட்டித் தரை தட்டுப்பட்டால், இதை முன்பே யோசித்து வைத்தவன் ஒருவன் இருந்தான் என்பது உள்ளங்கால் வழியாகவே தெரிந்துவிடும்.

பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவியில் தொடங்கி, வெள்ளகவி கிராமம் வழியாகக் கோடைக்கானல் வட்டக்கானலுக்கு ஏறும் நடைபாதை அந்த ரகம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த கையோடு, வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, முதுகுப்பையில் புளிச்சோறும் போர்வையுமாக நண்பனும் நானும் ஏறினோம். இரவுக்கு வெள்ளகவி. நண்பன் கொத்தனார், அதிலும் சிமென்ட் படாத கல்கட்டில் பித்துப் பிடித்தவன். அருவியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

பழனி மலையின் இந்தத் தென்சரிவில் ஏறும் பாதைகளை இரண்டு பள்ளிகளாகப் பிரிக்கலாம். ஒன்று, துரைமார் ஏறியது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் வீடு கட்டிய காலத்தில் மேலே வண்டிச்சாலை கிடையாது. பிற்பாடு ரயில் வந்தபோது அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, ராவோடு ராவாக மாட்டுவண்டியில் அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வந்து, விடியலில் மலையேறுவார்கள். நடக்கிறவர் நடக்க, மற்றவர் மட்டக்குதிரையிலும் டோலியிலும் போனார்கள். குதிரையும் டோலி தூக்குகிறவனும் ஏற வேண்டியிருந்ததால் அந்தப் பாதை அவசரப்படாது. சரிவைக் குறுக்காக இழுத்து, திருப்பி, மறுபடி இழுத்து ஏற்றத்தைக் கரைத்துவிடும். 1910களில் வத்தலக்குண்டுப் பக்கமிருந்து லாஸ் காட் ரோடு திறந்து மோட்டார் ஏறத் தொடங்கியதும் அதற்கு வேலை போய்விட்டது.

வெள்ளகவிப் பாதை இரண்டாவது பள்ளி. ஊர்க்காரர்கள் நடந்து நடந்தே போட்டது. இதில் வளைவு குறைவு, மூச்சு வாங்கல் அதிகம். என் ஓட்டு இதற்குத்தான். அளந்து போட்ட பாதையில் ஓர் அதிகாரியின் கணக்கு தெரியும். இதில் தலைச்சுமைக்காரனின் உடம்பு தெரிகிறது. எங்கே மூச்சு முட்டுமோ அதற்குச் சற்று முன்னால் நாலடி சமதளம் வரும். அந்தச் சமதளத்தில் பெரும்பாலும் மார்பளவுப் பாறை ஒன்றும் இருக்கும். தூக்கிவிட ஆளில்லாமலே சுமையை அதில் சாய்த்து இறக்கலாம், மறுபடி ஏற்றலாம். சமவெளிச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் செய்த வேலையை இங்கே மலை செய்து வைத்திருக்கிறது. பாதையை அந்தப் பாறை பக்கம் ஒதுக்கி விட்டவன்தான் கெட்டிக்காரன்.

ஓடையைக் கடக்கும் இடங்களும் அப்படித்தான். சற்றுக் கீழே அகலமாக, இதமாகத் தெரியும் துறையைப் பாதை சட்டை செய்யாது. மேலே வந்து, மண்ணே இல்லாத வெறும்பாறையில் தண்ணீர் மெல்லிசாகப் பரவும் இடத்தில் தாண்டும். மழைக்கு மழை அரித்துப் போக அங்கே மண் இல்லை. ஆகவே இடம் மாறுவதுமில்லை.

ஓரிடத்தில் நண்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெரணியை விலக்கினான். உள்ளே படிகள். “மாப்ள, கல்லப் பாரு. நீளத்த மலைக்குள்ள விட்டு மூஞ்சிய மட்டும் வெளிய காட்டிருக்கான். நாம என்ன பண்றோம்? கல்லு பெருசாத் தெரியணும்னு நீளத்த வெளிய போடுறோம். ரெண்டு மழைக்குப் பெறகு பல்லு மாதிரி ஆடுது.” படியின் உயரத்தையும் அவன் அளந்து காட்டினான், ஒரு சாணுக்குள்தான். ஊர்ச் சுமையேற்றி வரும் குதிரை முன்னங்காலைத் தயங்காமல் வைக்கிற உயரம் அது. மேற்பரப்பு பள்ளத்தாக்குப் பக்கம் இம்மியளவு சாய்ந்திருந்தது. தண்ணீர் பாதை நெடுக ஓடிவராமல் குறுக்கே வடிந்துவிடும். பாதையைக் கெடுப்பது காலடி அல்ல, தேங்கி நிற்கிற, நெடுக ஓடுகிற தண்ணீர்தான் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் போட்ட படியாகத் தெரியவில்லை. வழுக்கி விழுந்தவனின் பேரன் போட்டிருப்பான்.

புதருக்குள் பாதையைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. காட்டில் கிடக்கும் தடமெல்லாம் மனிதத் தடமல்ல. பன்றி போன வழி முழங்கால் உயரத்தில் குகைபோல் திறந்திருக்கும், மேலே மூடியிருக்கும். காட்டுமாடு போன வழி அகலமாகவும் ஆசை காட்டுவதாகவும் இருக்கும். புல்லோ தண்ணீரோ கிடைத்ததும் கலைந்துவிடும். மனிதத் தடத்தில் கீழே செடி எவ்வளவு அடர்ந்தாலும், தலைச்சுமை உயரத்தில் ஓர் இடைவெளி விட்டிருக்கும். நீட்டிய கிளை அரிவாளில் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். ஈரம் காயாத குதிரை லத்தி கண்ணில் பட்டுவிட்டால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போனால் அட்டை ஏறுவதுகூட ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

வெள்ளகவி எல்லையில் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் கோயில்கள் நெருக்கமாக இருப்பதால் யாரும் செருப்பு போடுவதில்லை. நாளெல்லாம் ரப்பர் அடியின் வழியாகக் கேட்டதைக் கடைசியில் வெறுங்காலால் கேட்பது நல்ல ஏற்பாடு என்றே தோன்றியது. திண்ணையில் இடம் கொடுத்த பெரியவரிடம், பாதையை வெட்டிவிடுவது யார் என்று நண்பன் விசாரித்தான். “அதுக்குன்னு ஆளு கெடையாதுய்யா. போறவன் வர்றவன் கையில அருவா இருக்கும். மொகத்துல அடிக்கிறத வெட்டுவான். அடுத்தவன் மொகத்துல அடிக்கிறதையும் சேத்து வெட்டுனா நல்லவன்” என்றார். கீழே பெரியகுளத்து விளக்குகள் தெரிய, இருவரும் கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தூங்கிவிட்டேன்.

மறுநாள் ஏற்றம் செங்குத்து. சோலைக்காட்டுக்குள் புகுந்ததும் வெயில் அடங்கி, உண்ணிமுள் குறைந்து, நடை சுலபமானது. டால்ஃபின் நோஸ் பாறையைத் தொட்டபோது புதர் அறவே தீர்ந்தது. அங்கிருந்து வட்டக்கானல் வரை சுற்றுலா வருகிறவர்களின் தடம். அகலம் என்றால் அகலம்! ஆளாளுக்கு ஒரு குறுக்குவழி இறங்கி, வளைவுகளை அறுத்துவிட்டார்கள். அறுத்த வழியில் மழைத்தண்ணீர் இறங்கி மண்ணைக் கொண்டுபோய்விட, மரங்களின் வேர்கள் முழங்கால் உயரத்துக்கு அம்மணமாக நிற்கின்றன. எல்லோரும் அந்த வேர்மேல் நின்று படம் எடுக்கிறார்கள், அழகாகத்தான் விழுகிறது. நண்பன் ஒரு வேரில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு நாலே நாலு குறுக்குக்கல்லு போதும் மாப்ள, யாரும் போடல” என்றான். பிரெட் ஆம்லெட் கடை வரும்வரை அந்தக் கற்களை எங்கெங்கே பதிப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தான்.