ரூலெட் மட்கலம்: பெயரும் செய்முறையும்

தொல்லியல் கலைச்சொற்களுள் சில, கண்ட பொருளைக் குறிப்பன. சில, அப்பொருள் உருவான முறையைக் குறிப்பன. பின்னவை சொல்லுருவில் அமைந்த ஊகங்கள். ஊகம் ஐயத்திற்குள்ளான பின்னரும் சொல் நிலைத்துவிடுவதுண்டு. 'ரூலெட் மட்கலம்' அத்தகையதே.

1945இல் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், வழவழப்பான தட்டுகளின் உட்புற அடியில் நுண்குழிகள் ஒருமைய வளையங்களாக அமைந்திருக்கக் கண்டார். பல் வைத்த சிற்றுருளையை உருட்டி இட்ட ஒப்பனை அது என்றும், இந்நுட்பம் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்தது என்றும் கொண்டார். 1946இல் அவரது அறிக்கை வெளிவந்தபின் பெயர் வேரூன்றியது. கருவியின் பெயரே கலத்தின் பெயரானதால், கருவி பற்றிய கேள்வி எழாமலே விடை கிடைத்துவிட்டது போன்ற தோற்றம் உண்டாயிற்று.

அவ்வளையங்கள் வேறு வகையிலும் விழக்கூடும். அரைகுறையாக உலர்ந்த கலம் சுழலும்போது வளைந்து கொடுக்கும் மெல்லிய தகட்டை அதன்மீது அணைத்தால், தகடு அதிர்ந்து துள்ளித் துள்ளிக் கொத்தும். இவ்விரண்டையும் மேலோட்டமான தோற்றங்கொண்டு பிரித்தறிய இயலாது. உருளையெனில், ஒரு பல்லின் பழுது உருளையின் சுற்றளவுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் பதிய வேண்டும். தகடெனில், குழிகளின் இடைவெளியும் ஆழமும் சுழற்சி வேகத்திற்கும் கையின் அழுத்தத்திற்கும் ஏற்ப மாறும், மீள்வரிசை இராது. ஆகவே, சான்று தேட வேண்டிய இடம் ஒவ்வொரு குழியுமே. 1997இல் வி. டி. கோக்டே எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வின்வழி இக்கலங்களின் மண்ணைக் கீழைக் கங்கைப் பகுதியோடு இணைத்தார். கலம் மத்தியதரைக் கடலிலிருந்து வந்ததா என்பதற்கு அது விடை கூறும். குயவரின் கை எவ்வாறு இயங்கியது என்பதற்குக் கூறாது. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு இங்கேதான். 'பல்லுருளைக் கலம்' எனத் தெளிதமிழில் தந்தால், மூலத்தில் பாதி மறைந்திருக்கும் ஊகம் தமிழில் உறுதிப்பொருளாகிவிடும். பொருள் புலப்படாத 'ரூலெட்' என்னும் ஒலிபெயர்ப்பே, விந்தையாக, குறைந்த தீங்குடையது. 'கருப்பு-சிவப்பு மட்கலம்' என்னும் சொல்லுக்கு இவ்விடர் இல்லை. கவிழ்த்துச் சுட்டனரா, இருமுறை சுட்டனரா என்னும் வழக்கு தொடரினும், வாய்ப்புறமும் உட்புறமும் கருத்து வெளியடி சிவந்திருப்பதைக் கண்ணே காண்கிறது.

ரூலெட் மட்கலத்திற்கும் அவ்வகைப் பெயரே வேண்டும். 'குழிவளையக் கலம்' என்பது பொருந்தும். உருளை ஒப்பனை ஐயமற நிறுவப்பட்ட உரோமானியக் கலங்களுக்கு மட்டும் 'பல்லுருளை' என்னும் அடையை ஒதுக்கலாம். பழைய அறிக்கைகளைப் பெயர்க்குமிடத்து, 'ரூலெட்' என்பதை வீலரின் வழக்கு என்ற குறிப்புடன் முதலில் ஒருமுறை தந்தால் போதும்.