ஊர்க்கூட்டத்தில் வாசிக்காத கணக்கு

திருச்சபையை யாராவது குறை சொன்னால் உடனே ஒரு பட்டியல் வரும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழுநோய் இல்லம், மாணவர் விடுதி. அமெரிக்கக் கிறித்தவத் தொண்டு அமைப்பான கம்பாஷன் இன்டர்நேஷனல் 2017-இல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது இந்தப் பட்டியலை வாசித்தார்கள். வேர்ல்ட் விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நிதி உரிமம் 2024 தொடக்கத்தில் ரத்தானபோது மறுபடி வாசித்தார்கள். டெல்லி ‘அந்நியப் பணம்’ என்கிறது. சபை ‘ஏழைக்குச் செய்த சேவை’ என்கிறது. அந்த ஏழையை இரண்டு தரப்பும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலை போன்ற ஊர்கள் இந்த வாதத்துக்கு நன்றாகக் கைகொடுக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. அரசே எட்டிப் பார்க்கத் தயங்கிய மலையில் யார் வந்து நாலு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாலும், ஒரு ஊசி போட்டாலும், அவர்களைக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்று தோன்றும். அப்படித் தோன்ற வைப்பதுதான் பட்டியலின் வேலை.

பட்டியல் பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில் கணவர் ஜெஸ்ஸி பிராண்டைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஈவ்லின் பிராண்ட், தள்ளாத வயதில் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மலை மலையாக நடந்தார். அவர் போக நினைத்த மலைகளில் கல்வராயனும் ஒன்று. 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் இந்த நாட்டிலேயே இறந்தார். வெளிநாட்டு நிதிச் சட்டத்துக்கு 2020-இல் கொண்டுவந்த திருத்தமும் நேர்மையான கண்காணிப்பு இல்லை. பணமெல்லாம் டெல்லியில் ஒரே ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இறங்க வேண்டும், பெற்ற நிதியை இன்னொரு அமைப்புக்குப் பகிரக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதிகள் பெரிய அமைப்புகளை விட மலையடிவாரத்துச் சின்ன அமைப்புகளைத்தான் முடக்கின. மதமாற்றப் பூச்சாண்டி காட்டுவோர் பக்கம் எனக்கு வேலை இல்லை.

ஆனால் பட்டியலில் இருக்கும் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். எழுபதை நெருங்கிய ஈவ்லினுக்கு மிஷன் ஓய்வு கொடுத்தது. அவர் மிஷனை விட்டு விலகி, தன் பொறுப்பில்தான் மலைக்குத் திரும்பினார். தென்னாற்காட்டில் டேனிஷ் மிஷனுக்கு வித்திட்ட கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொள்ளும் லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறி, 1861-இல் பட்டாம்பாக்கத்தில் பெத்தானியாவைத் தொடங்கினார். பரங்கிப்பேட்டையில் தேசியப் பெண்கள் பள்ளிக்கு 1921-இல் காந்தியைக் கொண்டு அடிக்கல் நாட்டிய ஆனி மேரி பீட்டர்சனும் தன்னை அனுப்பிய மிஷனிலிருந்து விலகியவரே. மூவரையும் சபை இன்று தன் பெருமைக் கணக்கில் வரவு வைக்கிறது. அவர்கள் வெளியேற வேண்டியிருந்தது ஏன் என்ற பற்று மட்டும் ஏட்டில் ஏறுவதில்லை.

நெடுநாளாக எனக்கிருக்கும் ஆட்சேபம் இந்தக் கணக்கைப் பற்றியதுதான். அது பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இல்லை. கோபன்ஹேகனிலிருந்து வந்தாலும் கோயம்புத்தூரிலிருந்து வந்தாலும் பசித்த பிள்ளைக்கு அது சோறுதான். கணக்கு யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பதே என் கேள்வி.

நம் ஊர்களில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். திருவிழா முடிந்த பிறகு ஒருநாள் ஊர் கூடும். நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வரவு செலவு வாசிப்பார். “ஏம்பா, பந்தலுக்கு இவ்வளவா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை, ஒடுக்கப்பட்டவர்களுக்கு இடமில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் சில ஆயிரம் ரூபாய்க்கு இருக்கிற அந்த ஒழுங்கு, ஒரு ஊரின் பெயரைச் சொல்லி லட்சக்கணக்கில் வாங்கும் சமூக சேவைச் சங்கங்களுக்கு இல்லை.

உடனே சொல்வார்கள்: எங்கள் கணக்கைப் பட்டயக் கணக்காளர் தணிக்கை செய்கிறார், ஆண்டுதோறும் உள்துறை அமைச்சகத்துக்கு அறிக்கை போகிறது, நிதி கொடுத்த ஜெர்மன் நிறுவனத்துக்குத் தனியாக ஒன்று போகிறது. போகிறதுதான். மூன்றுமே மேல் நோக்கிப் போகின்றன, மூன்றுமே ஆங்கிலத்தில். கீழே, யார் பெயரில் திட்டம் எழுதப்பட்டதோ அவருக்கு ஒரு தாளும் வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த தொகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் அறிவிக்கச் சொன்ன விதியையும் 2022 ஜூலையில் மத்திய அரசு எடுத்துவிட்டது. அதற்கு எதிராக எந்த ஆயர் மன்றமும் போர்க்கொடி தூக்கியதாக நான் கேள்விப்படவில்லை. சபையும் சர்க்காரும் சண்டை போடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

குழந்தை ஆதரவுத் திட்டம் என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போருக்குப் பிறகு மேற்கில் பிறந்த முறை இது. கம்பாஷன் 1952-இல் கொரியப் போர் அநாதைகளுக்காகத் தொடங்கியது. ஜெர்மனியின் கிண்டர்நோட்ஹில்ஃபே 1959-இல் ஐந்து இந்தியக் குழந்தைகளோடு தொடங்கியது. கம்பாஷன் இங்கிருந்து போனபோது அதன் பட்டியலில் சுமார் ஒன்றரை லட்சம் இந்தியக் குழந்தைகள் இருந்தார்கள், எல்லோரும் உள்ளூர்ச் சபைகள் வழியாகச் சேர்க்கப்பட்டவர்கள். இதில் பிள்ளை கடிதம் எழுத வேண்டும். நான் நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று, தன் பெயரில் பணம் அனுப்பும் முன்பின் பார்த்திராத ஒருவருக்கு எழுத வேண்டும். அந்தப் பக்கம் பிள்ளையின் படம் போகிறது, எடை போகிறது, மதிப்பெண் போகிறது. இந்தப் பக்கம் என்ன வருகிறது? அவன் பெயரில் எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு அவனுக்கு, எவ்வளவு கட்டடத்துக்கு, எவ்வளவு வண்டிக்கு என்று அவன் அப்பனுக்குத் தெரியுமா? கொடுப்பவருக்குப் பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரியும், பிள்ளைக்குப் பணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை அன்பு என்று சொல்லுங்கள், மறுக்கவில்லை. உரிமை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அன்புக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தைக் கல்வராயன் மலைக்கு விளக்க வேண்டியதில்லை. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களின் கீழ் தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்த மலை அது. நாடு விடுதலையாகி கால் நூற்றாண்டு கழிந்தும் ஜாகிர்தார் சொல்லே அங்கே சட்டம். அது முடிந்தது 1976-இல், அரசு மலையைத் தன் நிர்வாகத்தில் எடுத்தபோது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆண்டு. முதல் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததும் அதே ஆண்டு. நெருக்கடி நிலையின் இருட்டில் மூன்றும் ஒன்றாக வந்தது வரலாற்றின் வேடிக்கை. பின்னால் இந்த நாட்டுச் சபைகள் வீதிக்கு வந்து வாதாடியது மூன்றாவதைப் பற்றித்தான். ஜாகிர் ஒழிந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்தும் கல்வராயன் மக்களின் சாலைக்கும் பிழைப்புக்கும் நீதிமன்றம்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. 2006-இன் வன உரிமைச் சட்டம் மலைக்காரனுக்கு நிலத்தைக் கேட்கிற அதிகாரத்தையே கொடுக்கிறது. ஆனால் திருச்சபையின் அரசியல் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி பள்ளி நியமனம், கட்டட அனுமதி, நிதி உரிமம். சொந்தச் சொத்தைக் காக்கிற அரசியல்.

இடிந்தகரையை மறந்துவிட்டாயா என்று கேட்பார்கள். மறக்கவில்லை. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக லூர்து மாதா ஆலய வளாகம் போராட்டக் களமானதும், 2012-இல் பிரதமர் மன்மோகன் சிங் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களைக் குற்றம்சாட்டியதும், தூத்துக்குடி மறைமாவட்ட அமைப்புகளின் கணக்குகள் முடக்கப்பட்டதும் தெரியும். ஆனால் அங்கே முதலில் நின்றவர்கள் கடற்கரைப் பெண்கள். அவர்கள் இழுத்த இழுப்புக்குச் சபை வந்தது. ஸ்டேன் சுவாமி தனியொருவராக ஜார்கண்டில் ஆதிவாசிகளோடு நின்றார், 2021-இல் விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவர் பெயரும் இப்போது பட்டியலில் இருக்கிறது. நிறுவனம் நடக்காத பாதையில் மனிதர்கள் நடப்பார்கள், பிறகு நிறுவனம் அந்தப் பாதைக்குத் தன் பெயரை வைக்கும்.

மலையை விட்டு இறங்கினால் எறையூர். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற பழைய கத்தோலிக்க ஊர். வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் ஒரே செபமாலை மாதாவை வணங்கிய ஊர். இறந்தவரின் தேர் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில் சாதி நின்றது. தலித் மக்கள் தங்களுக்கென்று ஒரு சகாய மாதா ஆலயம் கட்டி, அதைத் தனிப் பங்காக அறிவிக்கும்படி கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். நீங்கள் வேறு நாங்கள் வேறு என்று வெள்ளைக்காரன் பிரித்துவைத்த ஊர் இல்லை அது. ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறவர்களின் ஊர்.

எறையூரை ஏன் இழுக்கிறேன் என்றால், கேட்பவருக்குக் கணக்குச் சொல்லாத வழக்கம் பணத்தோடு நிற்பதில்லை. தனிப் பங்கு கேட்டவர்களுக்கும் விளக்கம் சொல்லும் கடமை மேலிடத்துக்கு இல்லாமல் போனது. தலித் கிறித்தவர்களுக்காகச் சபை அரசிடம் வைக்கும் கோரிக்கையையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவராகும் தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. பழங்குடிக்கு மதத் தடை இல்லை என்பதால் வெள்ளிமலையில் ஞானஸ்நானம் பெறும் மலையாளிப் பழங்குடியினர் எதையும் இழப்பதில்லை, அடிவாரத்தில் பெறும் தலித் இழக்கிறார். இது அநீதி. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது சரி. சபை அதற்காகக் குரல் கொடுப்பதும் சரி. ஆனால் வழக்கை நிரூபிக்க என்ன சாட்சி வேண்டும்? மதம் மாறியும் சாதிக்கொடுமை தொடர்கிறது என்ற சாட்சி. அந்தக் கொடுமை நடக்கும் இடங்களில் முக்கியமானது சபையேதான். தலித் மேம்பாட்டுக் கொள்கையை 2016-இல் வெளியிட்ட இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் பாகுபாடு இருப்பதைத் தானே ஒப்புக்கொண்டது. அரசிடம் போய் ‘எங்கள் வீட்டில் இவர்களை அடிக்கிறோம், ஆகவே நீங்கள் நிவாரணம் கொடுங்கள்’ என்று மனுப் போடுகிறவன், அடிப்பதை முதலில் நிறுத்த வேண்டாமா?

கோயில் அறங்காவலர் கணக்குக் காட்டுகிறாரா, அரசியல் கட்சி காட்டுகிறதா, சபையை மட்டும் ஏன் கேட்கிறாய் என்பது கடைசிக் கேள்வியாக வரும். சபையைக் கேட்பதற்கு அதன் வேதமே காரணம். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் ஆதிச் சபைக்குள் எழுந்த ஒரு முணுமுணுப்பு வருகிறது. அது கோட்பாட்டைப் பற்றியதில்லை. உதவிப் பங்கீட்டைப் பற்றியது. தினசரிப் பகிர்வில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று அவர்கள் தரப்பினர் குறை சொன்னார்கள். அப்போஸ்தலர்கள் தங்கள் சேவைப் பட்டியலை வாசிக்கவில்லை. எல்லோரையும் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்தார்கள். உதவி, பல மொழி பேசும் மக்கள், அதிகாரம் என்ற மூன்றுக்கும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சபை கண்ட விடை அது. இன்றைய மறைமாவட்டச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் மலையாளிப் பழங்குடிப் பெண் எத்தனை பேர், சகாய மாதா ஆலயத் தெருக்காரர் எத்தனை பேர் என்று அந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கிற ஞாயிற்றுக்கிழமையிலாவது யாரேனும் கேட்கலாம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. வருடத்துக்கு ஒருநாள், சாமை அறுத்து முடிந்த பிறகு, வெள்ளிமலையில் ஊர் கூடட்டும். உங்கள் பெயரைச் சொல்லி இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவானது, இவ்வளவு எங்கள் கட்டடத்துக்குப் போனது என்று ஒருவர் தமிழில் வாசிக்கட்டும். கிறித்தவர், மலைத்தெய்வம் கரியராமனைக் கும்பிடுகிறவர் என்று பார்க்காமல் எல்லோரும் உட்காரட்டும். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்து, “ஏஞ்சாமி, வண்டிக்கு இவ்வளவா?” என்று கேட்கட்டும். அவளுக்குப் பதில் சொல்லிப் பழகிய சபை டெல்லிக்குப் பதில் சொல்லத் திணறாது. அதுவரைக்கும் பட்டியலை மடித்து வைக்கலாம்.