வளர்ச்சி என்னும் சொல்லும் இலக்கிய வரலாறும்: கத்தலான் இலக்கியத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் ஒரே வகைக் காலப் பகுப்பைக் கொண்டுள்ளன. போருக்கு முந்திய காலம், சப்பானியர் ஆட்சிக் காலம், விடுதலைக்குப் பிந்திய காலம் என வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் ஆசிரியர் பெயர்களையும் நூற்பெயர்களையும் தருகின்றன. இலக்கியம் காலந்தோறும் படிப்படியாக வளர்ந்து வருவது என்ற எண்ணமே இம்முறைக்கு அடிப்படை. இவ்வெண்ணம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை, ஸ்பெயின் நாட்டின் கத்தலான் இலக்கியத்தோடு ஒப்புநோக்கி இங்கு ஆராய்வோம்.

கத்தலான் இலக்கியம்: ஏற்றமும் இடைவெளியும்

13ஆம் நூற்றாண்டிலேயே ரமோன் லுல் தத்துவத்தையும் புனைகதையையும் கத்தலான் மொழியில் எழுதினார். ஜுவானோட் மார்ட்டோரெல்லின் 'டிரான்ட் லோ பிளாங்க்' என்னும் வீரக்கதை 1490இல் வலென்சியா நகரில் அச்சேறியது. செர்வான்டிஸ் 1605இல் வெளியிட்ட 'டான் குயிக்ஸாட்' முதற்பாகத்தில், வீரக்கதை நூல்கள் பலவற்றை நெருப்புக்கு அனுப்பும் பாதிரியார் இந்நூலைப் போற்றிக் காப்பாற்றுகிறார். எனினும் 1511இல் வந்த அதன் ஸ்பானிய மொழிபெயர்ப்பு ஆசிரியர் பெயரின்றியே வெளியாகியிருந்தது. நூல் புகழ்பெற்றபோது, அதைப் பெற்ற மொழி மறைந்து நின்றது.

16, 17ஆம் நூற்றாண்டுகள் ஸ்பானிய இலக்கியத்தின் பொற்காலம் எனப்படுகின்றன. அதே நூற்றாண்டுகளைக் கத்தலான் இலக்கியத்தின் நலிவுக் காலமாக வரலாற்றாசிரியர் குறித்தனர். 1716இல் வந்த அரசாணை நீதிமன்றத்திலிருந்து அம்மொழியை அகற்றியது. ஆயினும் நாட்டுப்பாடலும் சமய நாடகமும் மக்களிடையே தொடர்ந்தன. ஆகவே 'நலிவு' என்னும் சொல்லையே இன்றைய ஆய்வாளர் பலர் தயக்கத்துடன் ஆள்கின்றனர்.

1859இல் பார்சிலோனாவில் கவிதைப் போட்டி விழா மீண்டும் தொடங்கப்பெற்றது மறுமலர்ச்சிக்கு வலுவூட்டியது. 1939இல் பிராங்கோ ஆட்சி நிலைபெற்றதும் அம்மொழி பள்ளியிலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் விலக்கப்பட்டது. மெர்செ ரொடொரேடா தம் புகழ்பெற்ற நாவலை ஜெனீவாவில் புலம்பெயர்ந்து வாழ்ந்தபோது எழுதினார். அது 1962இல் வெளிவந்தது. 1979ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டமும் 1983ஆம் ஆண்டு மொழிச் சட்டமும் கத்தலானை மீண்டும் பள்ளிக்குக் கொண்டுவந்தன. இவ்வரலாற்றில் நாம் காண்பது நேர்கோட்டு வளர்ச்சியன்று. படிப்போரை உருவாக்கும் அமைப்புகள் இருந்தபோது இலக்கியம் தழைத்தது. அவை பறிபோனபோது ஒடுங்கியது.

மலாக்கா தரும் இரு சான்றுகள்

இவ்வுண்மைக்கு நம் மலாக்கா மாநிலமே சான்று பகரும். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய தமிழரின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்தம் சமயப் பற்றைக் காட்டி நிற்கிறது. எனினும் அவர்கள் இல்லத்தில் வழங்குவது மலாய் கலந்த மொழி, பாடுவது பந்துன். சமயம் நிலைத்தும் தமிழ் நிலைக்கவில்லை.

அவர்களுக்கு நெடுங்காலம் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தோர் வறியவர். ஆயினும் தமிழைக் காத்தனர். பள்ளி வயதுச் சிறுவர் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் குறையுடையனவே, ஆனால் நாளிதழ் படிக்கும் தலைமுறையை உருவாக்கின. அத்தலைமுறையை நம்பியே 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019 வரை நடந்தது. 1950இல் அவ்விதழ் தொடங்கிய கதை வகுப்பு எழுத்தாளர் பலரை உருவாக்கியது.

ஒப்பீட்டின் எல்லை

கத்தலான் தன் சொந்த மண்ணில் வாழும் மொழி. நம் தமிழ் கடல் கடந்து வந்தது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. ஆயினும் ஒற்றுமையும் உண்டு. 1970களில் மலாய் மொழி எழுத்தே தேசிய இலக்கியம், பிறமொழி எழுத்து பிரிவு இலக்கியம் என்னும் பாகுபாடு இந்நாட்டில் வலுப்பெற்றது. டிரான்ட்டின் கதை நமக்கு உணர்த்துவது இதுவே: மொழிபெயர்ப்பு தேவை, ஆனால் மூலமொழியின் பெயரும் ஆசிரியர் பெயரும் அதனுடன் செல்லவேண்டும்.

முடிவுரை

1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. இந்நிலையில் 1917இல் வெளிவந்த 'கருணாசாகரன்' முதல் இன்றுவரை நூல்களை எண்ணிச் செல்வது மட்டும் இலக்கிய வரலாறு ஆகாது. டுரியான் துங்கால் போன்ற ஊர்களில் எந்த இதழ் வந்தது, யார் உரக்கப் படித்தார், யார் சுற்றியிருந்து கேட்டார் என்பனவும் வரலாற்றுக்கு உரியவை. பள்ளி ஆண்டு மலர்களும் கோயில் விழா மலர்களும் வாசகர் கடிதங்களும் அதற்குரிய சான்றுகள். தோட்டம் கலைந்து குடும்பங்கள் நகருக்குப் பெயர்ந்தபோது இவற்றுள் எத்தனையோ எரிந்தும் மட்கியும் போயின. எஞ்சியவற்றைத் தமிழாசிரியர்கள் தத்தம் ஊரிலேயே தொகுக்கலாம். முதியோரிடம் கேட்டறியும் வாய்ப்பு இத்தலைமுறையோடு முடிவதால், இப்பணியைத் தள்ளிப்போடுதல் தகாது.