பச்சை குறைந்தால் அமில மழையா?

சென்டினல்-2 படத்தை இலவசமாக இறக்கி, பத்து வரி பைத்தானில் என்.டி.வி.ஐ. போட்டு, பச்சை குறைந்த இடத்தையெல்லாம் ‘அமில மழை பாதிப்பு’ என்று எழுதிவிடுவது இப்போது ரொம்ப சுலபம். அந்த முறையின் மேல்தான் என் விமர்சனம்.

நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இலை வாடினால் அந்த வித்தியாசம் குறையும். என்.டி.வி.ஐ. அளப்பது அவ்வளவுதான். ஏன் வாடியது என்று அதற்குத் தெரியாது.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்தது பேரட் ராக் குழுவினர் 1986-ல் ‘பயோசயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை. அமெரிக்காவின் வெர்மான்ட்டில், கேமல்ஸ் ஹம்ப் மலையில் ஸ்ப்ரூஸ் மரங்கள் பட்டுப்போய்க்கொண்டிருந்தன. 1.65, 0.83 மைக்ரோமீட்டர் அலைநீளங்களின் விகிதத்தை வைத்துப் பாதிப்பை வரைபடமாக்கினார்கள். அதன் பலம் என்னன்னா, தரையில் அளந்த பாதிப்போடு படத்தை ஒப்பிட்டதுதான். அமிலம் ஊசியிலையின் கால்சியத்தைக் கரைத்துவிடுவதால் மரம் குளிர் தாங்காமல் போகிறது என்ற காரணம் பின்னால் வந்த ஆய்வுகளில்தான் தெரிந்தது. அதைச் சொன்னது இலை, படம் அல்ல.

சரி, நம்மூருக்கு வருவோம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதே வருஷம் பொள்ளாச்சித் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது வந்தால் ஓலை மேல் கரும்பூசணம் படியும். நொய்யல் ஓரம் போனால் சாயக்கழிவின் உப்பு. மூன்றுமே மேலிருந்து பார்த்தால் ‘பச்சை குறைவு’தான்.

மண்ணையும் பார்க்கணும். கொங்குச் சமவெளியில் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்த மண். மதுக்கரையில் சுண்ணாம்புக்கல்லே வெட்டி எடுத்தார்கள். அமிலம் விழுந்தாலும் இந்த மண் பெருமளவு முறித்துவிடும். ஏற்கெனவே அமிலத்தன்மை உள்ள நீலகிரி மண்ணுக்கு அந்தக் காப்பு கிடையாது. தேடுவதானால் முதலில் அங்கே தேடலாம்.

இது வெறும் கணக்குச் சண்டை இல்லை. அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு வந்தது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அதில் விலக்கும் வந்துவிட்டது. மேட்டூர் போன்ற ஊரில் இருப்பவர்கள் கையில் உறுதியான ஆதாரம் வேண்டும். வெறும் வண்ணப்படத்தோடு போனால், எதிர்த்தரப்பு 2016 வறட்சியைக் காட்டி ஐந்து நிமிஷத்தில் உடைத்துவிடும். நியாயமான புகாரும் அதோடு சேர்ந்து போய்விடும்.

ஆகவே, மழைநீரைப் பிடித்து பி.ஹெச். அளங்க, சுத்தமான மழைக்கே அது சுமார் 5.6. ஒரே பயிர், ஒரே பாசனம் உள்ள தோட்டங்களை, காற்று போகும் திசையில் ஒன்றும் எதிர்த்திசையில் ஒன்றுமாக எடுங்க. பல வருஷப் படங்களை வைத்துப் பாருங்க. எந்தத் தோட்டத்துக்குள் இறங்கிப் பார்க்கணும் என்று செயற்கைக்கோள் சொல்லும். அதற்கு மேல் அதன் வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டாம்.