மேட்ரிக்ஸ் திரைப்படமும் மெய்ம்மை பற்றிய ஐயமும்

தி மேட்ரிக்ஸ், லானா வச்சோவ்ஸ்கி, லில்லி வச்சோவ்ஸ்கி இருவரும் எழுதி இயக்கி 1999ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க அறிவியல் புனைவுத் திரைப்படம் ஆகும். மனிதர்கள் வாழ்வதாக எண்ணும் உலகம் கணினி காட்டும் தோற்றமே. அவர்களது உடல்கள் இயந்திரங்களின் பிடியில் தொட்டிகளுக்குள் உறங்குகின்றன என்பது இதன் கதைக்கரு. பிளேட்டோவின் குகை உவமையையும் டேகார்ட்டின் ஐயத்தையும் மாணவர்களுக்கு விளக்க இப்படம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. குகை உவமை ஓரளவு பொருந்தும். டேகார்ட்டின் ஐயம் பொருந்தாது.

டேகார்ட் 1641இல் வெளியான தமது தியானங்கள் என்னும் நூலில், கனவையும் நனவையும் பிரித்தறிய உறுதியான அடையாளம் உண்டா என்று கேட்கிறார். எல்லாவற்றையும் பொய்யாகக் காட்டவல்ல தீய சக்தி ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்றும் எண்ணிப் பார்க்கிறார். ஐயுறும் 'நான்' மட்டுமே மிஞ்சுகிறது. புறவுலகை மீட்க, ஏமாற்றாத கடவுள் ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். படத்தில் அந்த வேலையை ஒரு சிவப்பு மாத்திரை முடித்துவிடுகிறது. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் நியோ விழித்துக்கொள்கிறான். விழித்த இடமும் இன்னொரு தோற்றமாக இருக்கலாமே என்ற கேள்வி இந்த முதற்படத்தில் யாருக்கும் எழுவதில்லை. உள்ளே பச்சைச் சாயல், வெளியே நீலச் சாயல் என்று பார்வையாளருக்கும் குழப்பம் வராதபடி நிறத்தாலேயே எல்லை வகுக்கப்பட்டுள்ளது. நியோ வட்டுகளை ஒளித்துவைப்பது பிரெஞ்சுச் சிந்தனையாளர் பூத்ரியாரின் நூலுக்குள்தான். ஆனால் படம் தம் கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று அவரே கூறிவிட்டார்.

இதை 'மாயை' என்று நம்மவர் சொல்வதும் மேலோட்டமானதே. அத்வைதத்தின் கயிற்றரவு உவமையில், கயிற்றை அறிந்தபின் பாம்பு இல்லை. தப்பிச் செல்ல வேறோர் உலகமும் இல்லை. சைவ சித்தாந்தத்திலோ மாயை பொய்த்தோற்றமே அன்று, உலகிற்கு முதற்காரணமான உள்பொருள்.

படத்தின் உண்மையான மெய்யியல் கணம் சைஃபர் உணவகத்தில் அமர்ந்திருக்கும் காட்சி. தட்டில் உள்ள இறைச்சி பொய் என்று அவனுக்குத் தெரியும். சுவைத்து உண்கிறான். பழையதெல்லாம் மறந்து, செல்வந்தனாக மீண்டும் உள்ளே அனுப்புமாறு பேரம் பேசுகிறான். அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974இல் முன்வைத்த அனுபவ இயந்திரச் சிந்தனைச் சோதனையும் இதுவே: விரும்பிய அனுபவத்தையெல்லாம் தரும் இயந்திரத்தோடு வாழ்நாள் முழுதும் இணைந்திருக்கச் சம்மதமா? பெரும்பாலோர் மறுப்பர் என்று நோசிக் கருதினார். குளிரும் கூழும் நிறைந்த கப்பலில் ஒன்பது ஆண்டுகள் கழித்தவன் சம்மதிக்கிறான். அவனுக்கு மறுமொழி சொல்வது கடினம். படம் சொல்லவும் இல்லை. தோழர்களைக் கொல்லும் துரோகியாக அவனை மாற்றி, சுட்டுவீழ்த்தி, கேள்வியையும் உடன் புதைத்துவிடுகிறது. துரோகம் செய்யாத சைஃபர் ஒருவன் இதையே கேட்டிருந்தால் மார்பியஸ் திணறியிருப்பார்.

இவ்வகையில் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1973இல் தொலைக்காட்சிக்காக இரு பகுதிகளாக எடுத்த கம்பியில் உலகம் மேலானது. டேனியல் கலூயின் 1964ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய இதில் சண்டைகள் குறைவு, கண்ணாடிகள் மிகுதி. முகங்கள் பெரும்பாலும் பிரதிபலிப்பாகவே தெரிகின்றன. கணினிக்குள் ஓர் உலகை நடத்தும் ஸ்டில்லர், தன் உலகமும் அத்தகையதே என்று அறிகிறான். இறுதியில் மேல் உலகில் கண்விழித்து மகிழ்கிறான். அதற்கும் மேலே ஒன்று உண்டா என்பதைப் படம் சொல்வதில்லை.