பேடி என்னும் சொல்லும் வன்னிக் கூத்துக் களரியும்

மக்களென்று சுட்டப்படுவோரே உயர்திணை என்று தொடங்கும் தொல்காப்பியர், கிளவியாக்கத்து நான்காம் நூற்பாவில், பேடி முதலிய பெயர்களையும் தெய்வப் பெயர்களையும் ஒருங்குவைத்து இலக்கணங் கூறுவர். இவ்விருவகைப் பெயர்க்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய பாலீறுகளையே அவை ஏற்கும் என்பது அதன் கருத்து. ஈறின்மை என்னும் ஒப்புமை பற்றியே அவை சேர்த்தெண்ணப்பட்டன என்று தடை கூறுவார் கூறலாம். அஃது உண்மையே. ஆயினும் இருபாலுள் அடங்காதாரை மக்களுள் வைத்தெண்ணுவதில் அவருக்கு ஐயம் எழவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. எம் மாணாக்கர் இந்நூற்பாவைத் தேர்வுக்கு மனனஞ் செய்வதோடு அமைகின்றனர்.

மரபு முழுவதும் அந்நிலையில் நின்றதெனக் கூறுதலும் பொருந்தாது. முயற்சியில்லாதானையும் அவையஞ்சுவானையும் இகழ வந்த வள்ளுவர், பேடியின் கைவாளை ஈரிடத்து உவமையாக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூலாரோ, இத்தகையோர் பெயர் அஃறிணை போன்று வருதலுக்கும் இடந்தந்தார். இழிவு முழுவதும் ஐரோப்பியர் கொணர்ந்தது என்னும் இக்காலக் கூற்று, ஆதலின், அரையுண்மையேயாம். குற்றமென்னும் முத்திரை 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் வழி வந்தது. ஏளனம் அதற்கு முன்பே எம்மிடம் இருந்தது.

இனி வன்னிக்கு வருவோம். சிலப்பதிகாரத்து மாதவியின் பதினோராடலுள் காமன் ஆடிய பேடும் ஒன்று. அக்காப்பியத் தலைவியே வற்றாப்பளையில் தெய்வமாக வழிபடப்படுகின்றாள். முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்து அவள் கதையையே ஆடுகின்றது. அதிற் பெண்வேடம் ஆடவர் பூணுதல் நெடுங்கால மரபு. சேலையுடுத்து ஒப்பனையோடு களரியேறும் கண்ணகியை ஆடவன் என்று அறிந்தே அவையோர் கலங்குவர். பெண்வேடம் பூணுவோரெல்லாம் பால்புதுமையினர் என்பது எம் கருத்தன்று, அது பேதைமை. எம் வினா வேறு. விடியுமட்டும் ஆணுடலிற் பெண்மையைக் கண்டு உருகிய ஊர், அப்பெண்மையே ஒருவரது அன்றாட வாழ்வாகும்போது ஏன் முகஞ் சுளிக்கின்றது? எம் கூத்தாய்வுகளிலும் குறையுண்டு. தாளக்கட்டும் தருவும் உடுப்பும் விரிவாகப் பதியப்பெறுகின்றன; ஆடியவர் வாழ்வு பற்றி ஒரு வரி காண்பது அரிது.

அவ்வினாவை இன்று எழுப்புவோர் புலவரல்லர், சாதாரண மக்களே. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள், தம் பெற்றோரின் முறைப்பாட்டால் பொலிஸ் தொல்லைக்குள்ளாகி, சென்னை உயர்நீதிமன்றிற் பாதுகாப்புக் கேட்டனர். 2021இல் அவ்வழக்கை விசாரித்த நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இப்பொருளில் தெளிவு போதாதென ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றார். நீதிபதி மாணவரானது எம் ஆய்வறிஞர்க்கும் ஒரு பாடமே. கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியலொன்று அவ்வழக்கின் வழியே தோன்றி, 2022இல் தமிழக அரசிதழில் வெளிவந்தது. உயர்திணை பற்றிய பழைய வழக்கு நீதிமன்றில் மீண்டும் உரைக்கப்பட்டது எனலாம்.

இங்கோ நிலை வேறு. யாழ்ப்பாண நகர வீதிகளில் அண்மை ஆண்டுகளிற் சுயமரியாதை நடைகள் இடம்பெற்றன. எனினும் 365, 365அ ஆகிய பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் உயர்நீதிமன்றம் தீர்மானித்தும், 2024இற் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை. பால்நிலையை ஏற்கும் சான்றிதழுக்கு 2016ஆம் ஆண்டுச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வழிசெய்தது. அதனைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். 2009இற் பதிவுகள் யாவற்றையும் இழந்து முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியோர் வாழும் நிலத்தில், திருத்துவதற்கு முதலில் ஒரு சான்றிதழ் வேண்டுமே! கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சந்தியில் ஏளனச்சொல் எழும்போது, "அது என் பிள்ளை" என்று ஒரு தாய் சொல்வாளாயின், அதுவும் ஒரு நடையே.

சென்னைப் பட்டியற் சொற்கள் அனைத்தும் வன்னி நாவுக்கு இசையுமா என்பதும் ஐயம். 'பால்புதுமையினர்' இன்னும் ஏட்டுச் சொல்லாகவே உள்ளது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை செல்லும் எம் களப்பணியாளர், பெண்வேடக்காரரிடம் தாளக்கட்டைக் கேட்டெழுதிய பின், களரி கலைந்ததும் ஊர் அவரை எப்பெயரால் அழைக்கின்றது என்பதையும், அவர் எப்பெயரை விரும்புகின்றார் என்பதையும் கேட்டுக் குறித்துவரல் வேண்டும்.