கோப்பில் இல்லாத நன்கொடையாளர்கள்

கட்டுமான வேலையில் இரண்டு வகை வரைபடம் உண்டு. வேலை தொடங்கும் முன் கையில் கொடுப்பது வடிவமைப்பு வரைபடம். வேலை முடிந்த பிறகு, எந்தக் குழாய் உண்மையில் எந்தச் சுவருக்குள் போகிறது என்று திருத்தி வரைந்து ஒப்படைப்பது ‘ஆஸ் பில்ட்’ வரைபடம். முதலாவது அழகாக இருக்கும். இரண்டாவதில் அடித்தல் திருத்தல் அதிகம். ஆனா இருபது வருஷம் கழிச்சு சுவர்ல தண்ணி கசியும்போது எல்லாரும் தேடுறது அந்த இரண்டாவதைத்தான்.

நம் வட்டாரத்துப் பழைய கல்லூரிகளின் வரலாறு பெரும்பாலும் முதல் வகை வரைபடத்தை வைத்தே சொல்லப்படுகிறது என்பது என் எண்ணம். ஆணைக்குழு அறிக்கை, ஆளுநரின் திறப்புவிழா, முதல்வரின் ஆண்டறிக்கை, அவ்வளவுதான். இவற்றை வாசிப்பதில் தப்பே இல்லை. இவற்றை மட்டும் வாசித்துவிட்டு வரலாறு முடிந்தது என்று எழுந்து போவதில்தான் சிக்கல். சிங்கப்பூரில் பிறந்து கோலாலம்பூருக்கு வந்த மலாயாப் பல்கலைக்கழகத்தை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கதையில் நம்முடைய பணமும் இருக்கிறது.

பிறக்காத ஒரு கல்லூரியிலிருந்து தொடங்கலாம். 1930களின் கடைசியில் சிங்கப்பூரில் இரண்டு உயர்கல்விக் கூடங்கள் இருந்தன. ஒன்று 1905-இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி 1921-இல் கல்லூரி என்ற பெயரைப் பெற்ற ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி. இன்னொன்று புக்கிட் தீமாவில் 1928-இல் மாணவர்களைச் சேர்த்த ராஃபிள்ஸ் கல்லூரி. சர் வில்லியம் மெக்லீன் தலைமையிலான ஆணைக்குழு 1939-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. முழுப் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை, இரண்டு கல்லூரிகளையும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி ஆக்கலாம் என்பது அதன் பரிந்துரை.

பல்கலைக்கழகக் கல்லூரி என்பது அந்தக் காலத்து ஆங்கிலேய ஆட்சியின் ஒரு ஏற்பாடு. பாடம் இங்கே, பட்டம் லண்டனில். கொழும்பில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி அப்படித்தான் நடந்தது. மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதினார்கள். 1942-இல்தான் அது இலங்கைப் பல்கலைக்கழகமாகித் தானே பட்டம் கொடுத்தது. போருக்குப் பிறகு நைஜீரியாவின் இபாடானிலும், ஜமைக்காவிலும் 1948-இல் பிறந்தவையும் இதே வகைதான்.

மலாயாவில் மட்டும் அந்தப் படி தாண்டப்பட்டது. போர் வந்தது. 1947-இல் சர் அலெக்சாண்டர் கார்-சாண்டர்ஸ் தலைமையில் இன்னொரு ஆணைக்குழு வந்தது. இடைப்படி வேண்டாம், நேராகப் பல்கலைக்கழகமே ஆகட்டும் என்று அது சொன்னது. 1949 அக்டோபர் 8-ஆம் தேதி மலாயாப் பல்கலைக்கழகம் உதயமானது. மெக்லீன் கேட்ட கல்லூரி காகிதத்திலேயே நின்றுவிட்டது.

இந்த இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். பத்தே வருஷத்துல அப்படி என்ன மாறிப்போச்சு? இப்படிப்பட்ட அறிக்கைகள் பேசுவது தரம், ஆசிரியர் எண்ணிக்கை, மாணவர் எண்ணிக்கை, செலவு. அந்தப் பத்து வருஷத்தில் மாறியது இந்த எண்கள் மட்டும்தானா? 1942 பிப்ரவரிக்குப் பிறகு வெள்ளைக்கார மருத்துவர்கள் கைதிகளானார்கள். மருத்துவமனைகளை நடத்தியவர்கள், அது வரையில் உதவிநிலையிலேயே வைக்கப்பட்டிருந்த உள்ளூர் மருத்துவர்கள். சிங்கப்பூர் சரணடைவதற்கு முந்தின நாள், குண்டுக்குப் பலியான ஒரு நண்பனை அடக்கம் செய்யப் போன மருத்துவ மாணவர்கள் மேலும் குண்டு விழுந்தது. இறந்த மாணவர்கள் மொத்தம் 11 பேர். உள்ளூர்க்காரனுக்குத் தகுதி இருக்கா என்ற கேள்விக்குப் பதில் எந்த ஆணைக்குழு அறையிலும் எழுதப்படவில்லை. அறிக்கை அந்தப் பதிலைப் பிறகு தன் மொழியில், தன் நிதானத்தில், பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அடுத்து, பணம். ஒரு நிறுவனத்தின் ஆவணங்களில் பணம் எப்படிப் பதிவாகிறது என்று பார்த்தாலே அந்த நிறுவனம் யாரைத் தன் ஆளாக நினைத்தது என்று தெரிந்துவிடும்.

1904-இல் தான் ஜியாக் கிம் என்ற சீன வணிகர் தலைமையில் மருத்துவப் பள்ளி கேட்டு மனு போனது. அதுவரை இங்கிருந்து மருத்துவம் பயில மெட்ராஸுக்கு ஆள் அனுப்பும் வழக்கமும் இருந்தது. அரசாங்கம் 71,000 வெள்ளி திரட்டிக் காட்டு என்றது. திரண்டது 87,077 வெள்ளி. தான் ஜியாக் கிம் மட்டுமே 12,000 கொடுத்தார். கடைசி ஏழு வெள்ளி வரை கணக்கு நமக்குத் தெரிகிறது, பாருங்கள். 1911-இல் அதே வளாகத்தில் தான் டெக் குவான் கட்டடம் எழுந்தது. தன் தகப்பனார் பெயரில் அதைக் கட்டிக் கொடுத்தவர் தான் சாய் யான். மலாயாவில் ரப்பரைத் தோட்டப் பயிராக வைத்த முதல் ஆள் என்று அறியப்படுபவர் அவர்தான். 1896-இல், மலாக்காவில். ராஃபிள்ஸ் கல்லூரிக்குப் போனால் மனாசே மேயர் கட்டடம், ஓய் தியோங் ஹாம் கட்டடம், இயூ தோங் சென் கட்டடம். கொடுத்தவர் பெயர் சுவரில் இருக்கிறது. சுவரில் இருப்பதால் கோப்பிலும் இருக்கிறது.

கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. கொடுத்தார்கள், நன்றி. ஆனால் ரப்பர் பணம் கல்லூரிக் கட்டடமாகும்போது பால் மரத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவில் இருந்த ஆள் எங்கே போனான் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. தோட்டத்து லயத்தில் பிறந்த குடும்பத்திலிருந்து படித்து வந்த யாருக்கும் இருக்கிறது. அவனுக்குச் சுவரில் இடமில்லை. ஆண்டறிக்கையிலும் இல்லை.

அந்த ஆள் பல்கலைக்கழகத்தின் கதைக்குள் ஒருமுறை தன் பெயரோடு வருகிறான். அது 1950களில். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்குவது பற்றிப் பேச்சு எழுந்தது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியிடம் கருத்துக் கேட்டார்கள். அவர் சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரச் சொன்னார். தமிழ்தான் இருக்க வேண்டும் என்று கோ. சாரங்கபாணி தமிழ் முரசில் குரல் எழுப்பினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டப்பட்டது. கடைக்காரர், ஆசிரியர், துறைமுகத் தொழிலாளி, தோட்டத் தொழிலாளி என்று கொடுத்தார்கள். 1956-இல் சிங்கப்பூரில் துறை தொடங்கியது. 1959-இல் அது கோலாலம்பூருக்கு வந்தது. 1961-இல் தனிநாயகம் அடிகள் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

இந்தக் கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். என் விமர்சனமே இங்கேதான். ஏறக்குறைய இதே பத்திதான் மேடைக்கு மேடை, மலருக்கு மலர் திரும்பத் திரும்ப வருகிறது. சாஸ்திரி வில்லன், சாரங்கபாணி கதாநாயகன், தமிழ் வென்றது, சுபம். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது வடிவமைப்பு வரைபடம்தான். கசிவு எங்கே என்று காட்டாது.

சாஸ்திரி சோழர்களைப் பற்றி மட்டும் எழுதியவர் இல்லை. ஸ்ரீ விஜயப் பேரரசைப் பற்றியும் நூல் எழுதியவர். தென்கிழக்காசியாவின் பழைய கல்வெட்டுகளை வாசிக்கச் சமஸ்கிருதம் வேண்டும் என்று ஒரு வரலாற்றாசிரியர் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. அவருக்குப் பல்கலைக்கழகத் துறை என்பது இறந்த காலத்தை வாசிக்கும் இடம். முரசின் வாசகர்களுக்கோ அது தங்கள் பிள்ளை நாளைக்குப் போய் உட்காரப்போகும் இடம். இரண்டு தரப்பும் ‘துறை’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வைத்துக்கொண்டு மோதின. இந்த மோதல் முடிந்துவிட்டதா? தமிழ்த்துறை யாருக்காக என்று இன்றைக்கும் நாம் அடித்துக்கொள்வது இதே இடத்தில்தான். வில்லன், கதாநாயகன் என்று சுருக்கும்போது இந்தக் கேள்வியைத்தான் முதலில் தொலைக்கிறோம்.

இரண்டாவதாகத் தொலைவது பெயர்கள். மக்களிடம் போய்க் கேட்டது பல்கலைக்கழகம் இல்லை, ஒரு பத்திரிகை. ஆகவே கொடுத்தவனின் தடத்தைப் பல்கலைக்கழகத்துக் கோப்பில் தேடினால் ஒரு மொத்தத் தொகையாகத்தான் கிடைப்பான். அவனை ஆளாகத் தேட வேண்டிய இடம் அந்தக் காலத்துத் தமிழ் முரசு, சங்கங்களின் கணக்குப் புத்தகம், யார் வீட்டுத் தகரப் பெட்டியிலோ கிடக்கும் ரசீது. ‘பத்திரிகை உணர்ச்சிவசப்படும், அரசாங்கக் கோப்புதான் நம்பகமானது’ என்று சொல்பவர்கள் உண்டு. முரசு இந்தச் சண்டையில் ஒரு கட்சி. அதை அப்படியே நம்பச் சொல்லவில்லை. ஆனால் ஆணைக்குழுவும் ஒரு கட்சிதான். அதுவும் நம்பி வாசிக்க வேண்டியதில்லை, ஒப்பிட்டு வாசிக்க வேண்டியது.

மாணவர்களைப் பற்றி மிகுந்த அக்கறையோடு கோப்பு வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். போலீஸ்காரர்கள். 1954 மே மாதம் பல்கலைக்கழக சோசலிச மன்றத்தின் ‘ஃபஜார்’ இதழில் வந்த ஒரு தலையங்கத்துக்காக எட்டு மாணவர்களைத் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் பிடித்தார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி, பின்னாளில் மலேசியாவில் மருத்துவராக அறியப்பட்ட எம்.கே. ராஜகுமார், கவிஞர் எட்வின் தம்பு ஆகியோர் அதில் இருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து டி.என். பிரிட் வந்து வாதாடினார். இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ அவருக்குத் துணை. ஆகஸ்டில் எல்லாரும் விடுதலை. ஆள்பவனுக்கு ஒருவன் மேல் பயம் வந்தால் அவன் பெயர் கோப்பில் ஏறிவிடும். நன்கொடை கொடுத்துவிட்டு அமைதியாகப் போனவனுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை.

போதாக்குறைக்கு இந்த நிறுவனத்தின் ஆவணங்களுக்கு நடுவில் ஒரு எல்லையும் விழுந்தது. 1962-இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், சிங்கப்பூரில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் என்று இரண்டானது. மலாயாவின் தேசிய ஆவணக் காப்பகம் 1957-இல் தொடங்கியது, சிங்கப்பூருடையது 1968-இல். துறையின் பிறப்பு ஒரு நாட்டில், வளர்ப்பு இன்னொரு நாட்டில். ஆராய்ச்சி பண்ற பையன் முழுக் கதையையும் பார்க்கணும்னா கடல்பாலம் தாண்டணும்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற அந்தப் பெயர் 2000-த்தை ஒட்டி மலேசியாவில் மறுபடி வந்தது. பாரிட் ராஜா, மலாக்கா, கம்பாங், கோலத்திரங்கானு ஆகிய இடங்களில் இயங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிகள் 2007-இல் முழுப் பல்கலைக்கழகங்களாயின. என் தலைமுறை பொறியியலாளர்களில் நிறையப் பேர் இப்படிப்பட்ட வளாகங்களிலிருந்து வந்தவர்கள்தான். பெயர் மாறும்போது முத்திரை, கடிதத் தாள், இணைய முகவரி எல்லாம் மாறும். நிர்வாகக் கோப்புகளைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே தமிழ் மாணவர்கள் நடத்திய மன்றம், போட்ட நாடகம், அச்சடித்த மலர், பி40 குடும்பத்துப் பிள்ளைக்குப் பட்டமளிப்புக் கட்டணத்துக்காகத் திரட்டிய நூறு இருநூறு வெள்ளி, இவற்றுக்கு எந்தச் சட்டமும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் புதுச் செயலவை வரும். பழைய செயலவை வெச்ச கூகள் டிரைவ் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. 1950களின் ரசீதாவது கறையான் அரிக்கும்வரை தகரப் பெட்டியில் இருந்தது.

நம்முடைய நினைவு மலர்களை எடுத்துப் பாருங்கள். அமைச்சர் வாழ்த்து, துணையமைச்சர் வாழ்த்து, தலைவர் வாழ்த்து, பொருளாளர் வாழ்த்து. பாதி மலர் முடிந்துவிடும். எத்தனை பேர் வந்தார்கள், யார் மேடை கட்டினார்கள், எவ்வளவு கடன் நின்றது, ஒன்றும் இருக்காது. ஆணைக்குழு நம்மைப் பெயர் இல்லாமல் எழுதியது என்று குற்றம் சொல்லும் நாமே, நம் கையால் அச்சடிக்கும் பக்கத்திலும் அதே வேலையைத்தான் செய்கிறோம். வெள்ளைக்காரனுக்காவது நம்மைத் தெரியாது என்ற சாக்கு உண்டு.

ஆவணக் காப்பகம் என்றால் குளிரூட்டிய பெரிய கட்டடம்தான் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு மன்றம் தன் அடுத்த மலரில் இரண்டு வாழ்த்துரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெயர்ப்பட்டியலும் வரவுசெலவும் போடட்டும். போட்ட மலரில் ஒரு படியை நூலகத்துக்குக் கொடுக்கட்டும். தாத்தாவின் பெட்டியில் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கான ரசீது கிடைத்தால் அது சாமான் சுற்றும் காகிதம் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் உங்கள் குடும்பம் இருப்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியாகக்கூட அது இருக்கலாம். ஸ்கேன் செய்து வையுங்கள். பழைய படங்களின் பின்பக்கத்தில், அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, பென்சிலால் எழுதி வையுங்கள்: பெயர், ஊர், ஆண்டு.